ஐயோமியின் விரல்களும் 41 ஹெர்ட்ஸும்

போன வருஷம் என் இடது கை மோதிர விரல் மடக்கினால் மாட்டிக்கொள்ள ஆரம்பித்தது. வலது கையால் பிடித்து நிமிர்த்தினால்தான் 'டக்' என்று விடும். பல வருஷமாகக் கீபோர்டு தட்டுகிற கை, ராத்திரியில் கிட்டாரும் வாசிக்கிற கை. டாக்டர் கொஞ்ச நாளைக்குக் கிட்டாரைத் தொடாதீங்க என்று சொல்லிவிட்டார். இதைக் கேட்ட நண்பர் ஒருவர் உடனே ஆறுதல் சொன்னார்: "டோனி ஐயோமிய பாருடா. ரெண்டு விரல் நுனி போச்சு. அதனாலதான் ஹெவி மெட்டலே பொறந்துச்சு. உனக்கென்ன?"

நான் பிளாக் சபாத் ரசிகன்தான். இந்தக் கதையை நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருப்பேன். ஆனால் கை வலிக்கும்போது கேட்டால் கதை வேறு மாதிரி இருக்கிறது. 'அதனாலதான்' என்கிற சொல் உறுத்தியது. விபத்துதான் அந்த இசையை உண்டாக்கியதா? வாசிக்க முடியாத அந்த மாதங்களில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதன் குறிப்புகள்தான் இது.

முதலில், நடந்தது என்ன?

ஐயோமி 1948-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். 17 வயதில் ஷீட் மெட்டல் தொழிற்சாலை ஒன்றில் வேலை. இசைக்குழுவோடு வெளியே போவதற்காக வேலையை விட்டுவிட்டார். அன்று கடைசி நாள். வழக்கமாக அவர் பார்ப்பது வெல்டிங். அன்றைக்கு பிரஸ் மிஷின் ஆள் வரவில்லை என்று, பழக்கமே இல்லாத இவரை அதில் நிறுத்தினார்கள். மிஷின் இறங்கியதில் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டது. அவர் இடதுகைக்காரர். அதாவது கம்பியை மீட்டுவது இடது கை, அழுத்திப் பிடிப்பது வலது கை. போனது அழுத்துகிற விரல்கள்.

இனி வாசிக்கவே முடியாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். தொழிற்சாலை மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். அது ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் வாசித்தது. 1928-ல் தீவிபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போன பிறகு, மிச்ச இரண்டு விரல்களால் ஜாஸ் சோலோ வாசித்தவர் ஜாங்கோ.

அதன் பிறகு ஐயோமி செய்ததைப் படித்தால், ரசிகன் என்பதைவிட எஞ்சினியர் என்கிற முறையில்தான் எனக்குப் பிரமிப்பு. பாத்திரம் தேய்க்கும் லிக்விட் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கி, சூடான சால்டரிங் அயர்னால் அதில் விரல் நுழையும் அளவுக்குக் குழி போட்டு, தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவந்து, விரல் நுனிக்குத் தொப்பியாக்கினார். பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கியது. பழைய ஜாக்கெட்டிலிருந்து தோலை வெட்டி மேலே ஒட்டினார். இன்றுவரை தொப்பி போட்டுத்தான் வாசிக்கிறார். தொப்பிக்குள் இருக்கும் விரலுக்குக் கம்பி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்த பிரச்சினை, கம்பியின் இழுவிசை. இங்கே கொஞ்சம் பிசிக்ஸ். ஒரே நீளமுள்ள கம்பியின் இழுவிசை இரண்டு விஷயத்தைப் பொறுத்தது: கம்பியின் எடை (அது தடிமனின் இருமடிப்படி கூடும்), சுருதியின் அதிர்வெண் (அதுவும் இருமடிப்படிதான்). 10 அளவுக் கம்பியை எடுத்துவிட்டு 8 அளவுக் கம்பியைப் போட்டால், 0.8-ஐ 0.8-ஆல் பெருக்க, 0.64. அதே சுருதிக்கு இழுவிசை 36 சதவீதம் குறைகிறது. தொப்பி போட்ட விரலுக்கு இது மிகப் பெரிய விடுதலை. ஆனால் அந்தக் காலத்தில் அவ்வளவு மெல்லிய கிட்டார் கம்பி கடையில் கிடைக்காது. ஐயோமி பாஞ்சோ கம்பிகளை வாங்கிக் கிட்டாரில் போட்டுச் சமாளித்தார். தமக்கென மெல்லிய கம்பி செட் செய்து தரும் கம்பெனி கிடைக்கச் சில வருஷம் ஆனது.

அடுத்தது சுருதியை இறக்குவது. 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் சில பாடல்களில் கிட்டாரை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார், ஈ-யிலிருந்து சி ஷார்ப்புக்கு. மூன்று அரைச்சுரம் என்றால் அதிர்வெண் 0.84 மடங்கு. இருமடியாக்கினால் 0.71. இன்னும் 29 சதவீத இழுவிசை போச்சு. மெல்லிய கம்பி, இறங்கிய சுருதி இரண்டையும் சேர்த்தால் பழையதில் 45 சதவீதம்தான் மிச்சம்.

ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் கதை இதுதான்: விரல் போனது, அதனால் சுருதி இறங்கியது, அதனால் கனமான ஒலி பிறந்தது, அதுதான் ஹெவி மெட்டல். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தேதியை வைத்துப் பார்த்தால் இடிக்கிறது.

பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13-ல் வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் 'பாரனாய்ட்'. 'அயர்ன் மேன்', 'வார் பிக்ஸ்' எல்லாம் அதில்தான். இந்த இரண்டு ஆல்பங்களிலும் ஸ்டூடியோவில் கிட்டார் வழக்கமான ஈ சுருதியில்தான் இருக்கிறது. உலகம் முதலில் அதிர்ந்தது சுருதி இறங்கிய பாட்டுகளைக் கேட்டு அல்ல. அப்படியானால் அந்தக் கனம் எங்கிருந்து வந்தது?

41 ஹெர்ட்ஸ் எங்கிருந்து வருகிறது?

பவர் கார்டு என்று ஒன்று உண்டு. இரண்டே சுரம். நம்ம கணக்கில் சொன்னால் ஷட்ஜமமும் பஞ்சமமும், அவ்வளவுதான். காந்தாரம் கிடையாது. இரண்டு விரல் போதும். ஈ பவர் கார்டில் கீழ்ச் சுரம் 82.4 ஹெர்ட்ஸ், மேல்ச் சுரம் 123.5 ஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட 2:3.

இதைச் சுத்தமான ஆம்ப்ளிஃபையரில் வாசித்தால் இந்த இரண்டு சுரமும் அவற்றின் மேல்ச் சுரங்களும் கேட்கும். ஐயோமி வாசித்தது சுத்தமான ஆம்ப்ளிஃபையரில் அல்ல. லேனி ஆம்ப்ளிஃபையர், அதற்கு முன்னால் டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்கிற சின்னப் பெட்டி. அந்தப் பெட்டி சிக்னலை ஏற்றிவிட, ஆம்ப்ளிஃபையர் தாங்க முடியாமல் அலையின் தலையை வெட்டிவிடும். இதைத்தான் டிஸ்டார்ஷன் என்கிறோம். தலை வெட்டுப்பட்ட அலையில், உள்ளே போகாத அதிர்வெண்களும் வெளியே வரும். போன இரண்டின் கூட்டல், கழித்தல் எல்லாம் புதிதாகப் பிறக்கும்.

கழித்துப் பாருங்கள். 123.5-லிருந்து 82.4 போனால் 41.1. இன்னொரு வகையில், கீழ்ச் சுரத்தை இரட்டிப்பாக்கி மேல்ச் சுரத்தைக் கழித்தால் 164.8-லிருந்து 123.5 போக 41.3. எந்த வழியில் போனாலும் 41-க்கே வந்து சேர்கிறது. 41.2 ஹெர்ட்ஸ் என்பது பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி! யாரும் அழுத்தாத ஒரு சுரம், கிட்டாரில் இல்லவே இல்லாத ஒரு சுரம், ஆம்ப்ளிஃபையருக்குள் பிறந்து வருகிறது. அதன் மேலேயே கீஸர் பட்லர் அதே ரிஃபை பேஸில் சேர்ந்து வாசிக்கிறார். கனம் அங்கிருந்துதான்.

காந்தாரத்தையும் சேர்த்து முழு கார்டாக அழுத்தினால்? கிட்டார் ஃப்ரெட்டின் பஞ்சமம் சுத்தமான 3:2-லிருந்து 2 சென்ட்தான் விலகியிருக்கிறது (ஒரு அரைச்சுரம் 100 சென்ட்). காந்தாரம் சுத்தமான 5:4-லிருந்து 14 சென்ட் விலகியிருக்கிறது. டிஸ்டார்ஷனில் பிறக்கும் துணை ஒலிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் உரசி, சேறு கலக்கினமாதிரி ஆகிவிடும்.

இதில் ஒரு தற்செயல் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். பல விரல் கேட்கும் கார்டுகள் அவருக்குச் சிரமம். இரண்டு விரல் கார்டு எளிது. டிஸ்டார்ஷனுக்கும் அதுதான் தோது. ஆனால் பவர் கார்டை அவர் கண்டுபிடிக்கவில்லை. பத்து விரலும் சரியாக இருந்த பலர் அவருக்கு முன்பே டிஸ்டார்ஷனில் வாசித்திருக்கிறார்கள். 1964-ல் கிங்க்ஸ் குழுவின் 'யூ ரியலி காட் மீ' ஒன்று போதும்.

அவர்கள் செய்யாததை ஐயோமி செய்தார். குழுவின் பெயரையே தாங்கிய 'பிளாக் சபாத்' பாட்டின் ரிஃபில் மூன்றே சுரம்: கீழ் ஜி, மேல் ஜி, பிறகு சி ஷார்ப். ஜி-யை ஷட்ஜமமாக வைத்தால் சி ஷார்ப் பிரதி மத்யமம். பஞ்சமத்துக்கு ஒரே ஒரு ஃப்ரெட் கீழே. காது பஞ்சமத்தை எதிர்பார்த்து நிற்கும்போது அதற்கு முன்னாலேயே கால் இடறுகிறது. மேற்கத்திய இசையில் இதைச் சாத்தானின் சுரம் என்பார்கள். திருச்சபை இதைத் தடை செய்தது என்பது கட்டுக்கதை; தவிர்க்கச் சொன்னார்கள், அவ்வளவே. ஹோல்ஸ்ட் எழுதிய 'மார்ஸ்' இசையை பட்லர் அப்போது பேஸில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தச் சாயலிலிருந்துதான் இந்த ரிஃப் வந்தது என்று குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். பாட்டின் வேகமோ ஆமை வேகம். ஒவ்வொரு சுரமும் அடங்கும்வரை காத்திருக்கிறார்கள்.

இந்தச் சுரத்துக்கும், இந்த நிதானத்துக்கும், ஹோல்ஸ்டுக்கும் பிரஸ் மிஷினோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. இது ரசனை, முடிவு, உழைப்பு.

அதனால் என் கணக்குப்படி விபத்தின் பங்கு இவ்வளவுதான்: மெல்லிய கம்பி, தொப்பி, சில கார்டுகளைத் தவிர்த்தது, 1971-க்குப் பிறகு இறங்கிய சுருதியில் ஒரு பகுதி. சுருதியை இறக்கியதற்கு வளைத்து வாசிக்க எளிது என்பது ஒரு காரணம், ஒலி கனக்கிறது என்பது இன்னொரு காரணம். இரண்டையுமே அவர் சொல்லியிருக்கிறார். மிச்சமெல்லாம் அவருடையதும் அந்தக் குழுவினுடையதும்.

விபத்து தந்த இன்னொன்று உண்டு. கிட்டாரை அப்படியே ஏற்றுக்கொள்ளும் சொகுசு அவருக்கு இல்லாமல் போனது. கம்பி, விரல், பெட்டி எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. முதல் ஆல்பத்தை ஒரே நாளில் பதிவு செய்தார்கள். நடுவில் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பிக்கப் செத்துப்போக, மாற்றாக வைத்திருந்த கிப்சன் எஸ்ஜியை எடுத்து வாசித்து முடித்தார். பிறகு வாழ்நாள் முழுக்க அவர் அடையாளம் அந்த எஸ்ஜி-தான். ஆனால் பிரித்துப் பார்க்கும் குணத்தையும் மிஷின் கொடுக்கவில்லை. அதே மிஷினில் விரல் போன எத்தனையோ பேர் கிட்டாரைக் கீழே வைத்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை?

எனக்கு உறுத்தியது இதுதான். 'விபத்து நடந்தது நல்லதாப் போச்சு' என்கிற தொனி. பழக்கமில்லாத 17 வயசுப் பையனைப் பாதுகாப்பில்லாத மிஷினில் நிறுத்தியது நல்லது அல்ல. மீட்டும் கையையும் அழுத்தும் கையையும் மாற்றிப் பழகியிருக்கலாமோ என்று அவரே பிற்காலத்தில் யோசித்திருக்கிறார். அப்போது மூன்று வருஷப் பழக்கத்தை விட மனசு வரவில்லையாம்.

2025 ஜூலை 5-ல், அந்த நால்வரும் வளர்ந்த ஆஸ்டன் பகுதியில் இருக்கும் வில்லா பார்க் மைதானத்தில் பிளாக் சபாத் கடைசியாக மேடையேறியது. பில் வார்டும் சேர்ந்து, பழைய நால்வரும் இருபது வருஷத்துக்குப் பிறகு ஒன்றாக. வருமானம் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனை உட்பட மூன்று அறப்பணிகளுக்கு. மெட்டாலிகா முதல் எத்தனையோ குழுக்கள் வந்து அவர்கள் பாட்டுகளை வாசித்துவிட்டுப் போயின. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து ஆஸி ஆஸ்பர்ன் பாட, பக்கத்தில் தொப்பி போட்ட இரண்டு விரலோடு 77 வயது ஐயோமி. 'பாரனாய்ட்' வாசித்து முடித்தார்கள். பதினேழு நாளில் ஆஸி போய்விட்டார். அன்று அங்கே கூடியவர்கள் கொண்டாடியது ஒரு விபத்தை அல்ல. அறுபது வருஷம் தினமும் தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்த ஒரு மனுஷனை.

என் விரல் இப்போது பரவாயில்லை. கையில் கிட்டார் எடுத்த முதல் நாள் செய்தது, ஈ பவர் கார்டை டிஸ்டார்ஷனோடு ஒரு முறையும் இல்லாமல் ஒரு முறையும் பதிவு செய்து, ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரம் பார்த்தது. விண்டோ அளவை 16384 என்று வைத்தால் 2.7 ஹெர்ட்ஸ் நுணுக்கம் கிடைக்கும். டிஸ்டார்ஷன் இல்லாத பதிவில் 41 பக்கம் ஒன்றும் இல்லை. போட்டதில், அழுத்தாத அந்தச் சுரம் குன்று மாதிரி நிற்கிறது. லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்காது, ஹெட்போன் வேண்டும். கிட்டார் இருப்பவர்கள் செய்து பாருங்கள். இரண்டு விரல் போதும்.