கரையும் திருகாணியும் ஒன்பது சோதனைகளும்

எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பும் நோயாளிகளும், உடனிருந்து கவனித்துக்கொள்வோரும் எலும்பியல் மருத்துவர்களாகிய எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “உள்ளே வைத்த பிளேட்டையும் ஸ்குரூவையும் பிறகு எடுக்க வேண்டுமா?” அண்மைக் காலமாக அதனுடன் மற்றொரு கேள்வியும் சேர்ந்துள்ளது: “தானே கரைந்துபோகும் ஸ்குரூ வந்துவிட்டதாமே, அதை வைக்கக்கூடாதா?”

இரண்டாவது கேள்விக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரு சொல்லில் விடை கூற இயலாது. அந்தத் திருகாணி எந்த உலோகத்தால் ஆனது, அது எவ்வாறு கரைகிறது, அதன் மேற்பரப்பைப் பட்டறையில் எவ்வாறு செப்பனிடுகிறார்கள் என்பவற்றை அறிந்தால், எங்கள் விடையின் காரணமும் விளங்கும். அதற்காகவே இக்கட்டுரை.

ஏன் மக்னீசியம்?

கரையும் திருகாணிகளில் ஒரு வகை மக்னீசியக் கலப்புலோகத்தால் ஆனது. மக்னீசியம் நம் உடலுக்குப் புதியதன்று. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 25 கிராம் மக்னீசியம் உள்ளது. அதில் பாதிக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. உணவின் வழியாக நாள்தோறும் 300 முதல் 400 மில்லிகிராம் வரை நமக்குத் தேவைப்படுகிறது. மிகுதியாக உள்ளதைச் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன.

எடையிலும் அது எலும்புக்கு நெருங்கியது. ஒரு கன சென்டிமீட்டர் மக்னீசியத்தின் எடை 1.74 கிராம், டைட்டானியம் 4.5 கிராம், எஃகு ஏறக்குறைய 8 கிராம். விறைப்பிலும் இதே உறவைக் காணலாம். எஃகு எலும்பைவிடப் பன்மடங்கு விறைப்பானது. விறைப்பான உலோகம் சுமையைத் தானே தாங்கிக்கொள்ளும்போது, வேலையில்லாத எலும்பு மெல்ல வலுக்குறையும். மக்னீசியத்தில் இக்குறை குறைவு. அனைத்திற்கும் மேலாக, அது நீருடன் வினைபுரிந்து கரைவதால், அகற்றுவதற்கென மற்றோர் அறுவை சிகிச்சை வேண்டியதில்லை.

நூறாண்டுக்கு முந்தைய பாடம்

இவ்வளவு நன்மைகள் இருந்தும் இவ்வுலோகம் இத்தனை காலம் ஏன் பயன்பாட்டுக்கு வரவில்லை? முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1878-ஆம் ஆண்டிலேயே எட்வர்டு ஹியூஸ் என்னும் மருத்துவர் குருதிக்குழாய்களைக் கட்ட மக்னீசியக் கம்பியைப் பயன்படுத்தினார். 1907-இல் பெல்ஜிய நாட்டு அறுவை மருத்துவர் ஆல்பன் லம்போட், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த ஒருவருக்கு மக்னீசியத் தகட்டை எஃகு ஆணிகளால் பொருத்தினார். எட்டே நாட்களில் தகடு சிதைந்தது. தோலுக்கடியில் வாயு திரண்டது. வெவ்வேறு உலோகங்கள் இரண்டு உடல்நீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அங்கு ஒரு மின்கலம் உருவாகும். அதில் மக்னீசியமே விரைந்து அரிக்கப்படும். அங்கு நிகழ்ந்தது அதுவே.

மக்னீசியம் கரையும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. ஒரு கிராம் மக்னீசியம் முழுவதும் கரைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயு உண்டாகும். ஒரு சிறு திருகாணியில் அரை கிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது ஓராண்டில் கரைந்தால் நாளொன்றுக்கு ஒன்றரை மில்லிலிட்டருக்கும் குறைவான வாயுவே உண்டாகும். சுற்றியுள்ள திசுக்கள் அதை உறிஞ்சிக்கொள்ளும். அதே திருகாணி எட்டு நாட்களில் கரைந்தால் நாளொன்றுக்கு அறுபது மில்லிலிட்டர் வாயு உண்டாகும். திசுக்களால் அதைச் சமாளிக்க இயலாது. எலும்பு கூடுவதற்கு முன்பே பிடிமானமும் போய்விடும். எனவே, கரைய வேண்டும் என்பது மட்டும் போதாது. எலும்பு கூடும் வரை பொறுத்திருந்து, சீராகக் கரைய வேண்டும்.

மேற்பரப்பின் பங்கு

கரையும் வேகத்தைப் பல காரணிகள் தீர்மானிக்கின்றன. உலோகத்தின் தூய்மை முதன்மையானது. இரும்பு, நிக்கல், தாமிரம் ஆகியவை மிகச் சிறிதளவு கலந்திருந்தாலும் அரிப்பு பெருகும். கலப்புலோகத்தில் சேர்க்கும் பிற தனிமங்களுக்கும் பங்குண்டு. அடுத்ததாக வருவது மேற்பரப்பு. கரடுமுரடான பரப்பில் உடல்நீர் படும் இடம் கூடுகிறது. பள்ளங்களிலும் கீறல்களிலும் அரிப்பு முதலில் வேர்கொள்கிறது. ஆழமான கீறல், சுமை ஏறும்போது விரிசல் தொடங்கும் இடமாகவும் அமையலாம்.

திருகாணியை லேத் எனப்படும் கடைசல் எந்திரத்தில் கடைந்து உருவாக்குகிறார்கள். கடைபவர் மூன்று அளவுகளை மாற்றியமைக்க முடியும். உலோகம் கருவியைக் கடந்து செல்லும் வேகம் முதலாவது. ஒவ்வொரு சுற்றுக்கும் கருவி எவ்வளவு நகர்கிறது என்பது இரண்டாவது. ஒருமுறை எவ்வளவு ஆழம் சீவப்படுகிறது என்பது மூன்றாவது.

இவற்றுள் இரண்டாவதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கருவியின் முனை வளைவின் ஆரம் 0.4 மில்லிமீட்டர் எனவும், சுற்றுக்கு 0.1 மில்லிமீட்டர் நகர்கிறது எனவும் கொண்டால், பரப்பில் எஞ்சும் சராசரிச் சொரசொரப்பு சுமார் 0.8 மைக்ரோமீட்டர். நகர்வை இருமடங்காக்கினால் சொரசொரப்பு நான்கு மடங்காகி 3.1 மைக்ரோமீட்டரைத் தொடும். பாதியாக்கினால் 0.2 ஆகக் குறையும். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரோமீட்டர் என்பதை நினைத்தால், எவ்வளவு நுண்ணிய அளவுகள் இவை என்பது விளங்கும்.

அப்படியானால் நகர்வைக் குறைத்துக்கொண்டே போகலாமே எனத் தோன்றும். அங்குதான் சிக்கல். மிக மெல்லிய மக்னீசியச் சீவல்கள் எளிதில் தீப்பற்றும். எரியும் மக்னீசியத்தின் மீது தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் உண்டாகித் தீ மேலும் சீறும்; உலர்ந்த மணலோ, உலோகத் தீக்கென உள்ள தூளோ வேண்டும். மேலும், கருவி வெட்டாமல் உரசத் தொடங்கினால் வெப்பம் ஏறும். உலோகம் கருவியில் ஒட்டிக்கொண்டு பரப்பைக் கெடுக்கும். எந்திரத்தின் அதிர்வும் கருவியின் தேய்மானமும் ஏட்டுக்கணக்கில் இடம்பெறுவதில்லை. ஆகவே, செய்து பார்த்தே அறிய வேண்டியுள்ளது.

இருபத்தேழுக்குப் பதில் ஒன்பது

மூன்று காரணிகள், ஒவ்வொன்றிலும் குறைவு, நடுத்தரம், அதிகம் என மூன்று நிலைகள். எல்லாச் சேர்க்கைகளையும் சோதிக்க இருபத்தேழு முறை கடைய வேண்டும். விலையுயர்ந்த கலப்புலோகத்தில் இது பெருஞ்செலவு. ஒவ்வொரு காரணியாக மாற்றிப் பார்ப்பதும் ஏமாற்றிவிடலாம். வீட்டில் இட்லிமாவு புளிப்பதை எண்ணிப் பாருங்கள். கோடையில் சரியாக இருந்த நேரம் மார்கழியில் போதாது. நேரத்தின் விளைவு வெப்பத்தைச் சார்ந்திருக்கிறது. ஒன்றைத் தனியே பிரித்து ‘இவ்வளவு மணி நேரம்தான் சரி’ எனக் கூற இயலாது.

இதற்கான வழியை இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-இல் பணியில் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர் வகுத்தார். வயலில் உரத்தையும் விதையையும் ஒப்பிடுவதற்காக அவர் உருவாக்கிய முறைகள் 1935-இல் நூலாக வெளிவந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியப் பொறியாளர் கெனிச்சி டகூச்சி அவ்வழியைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்பப் பரப்பினார். அவருடைய அட்டவணைகளுள் ஒன்று, இருபத்தேழு சேர்க்கைகளுள் ஒன்பதை மட்டும் தேர்ந்தெடுக்கிறது. அந்த ஒன்பதில் ஒவ்வொரு நிலையும் மும்முறை வரும். அம்மூன்றிலும் அது பிற காரணிகளின் மூன்று நிலைகளையும் ஒவ்வொரு முறை சந்திக்கும்.

இதன் பயன் என்ன? குறைந்த நகர்வில் கடைந்த மூன்று துண்டுகளின் சராசரியை, அதிக நகர்வில் கடைந்த மூன்றின் சராசரியோடு ஒப்பிடும்போது, இரு பக்கமும் வேகமும் ஆழமும் சமமாகக் கலந்துள்ளன. எனவே, காணும் வேறுபாட்டைப் பெரும்பாலும் நகர்வின் விளைவாகவே கொள்ளலாம். பிறகு, மொத்த மாற்றத்தில் எக்காரணிக்கு எவ்வளவு பங்கு என்பதையும், எவ்வளவு வெறும் தற்செயல் என்பதையும் மாறுபாட்டுப் பகுப்பாய்வு என்னும் கணக்கு பிரித்துக் காட்டுகிறது.

இரண்டு எச்சரிக்கைகள் இங்கு உண்டு. முதலாவது, ஒன்பதையும் குலுக்கல் முறையில் வரிசைப்படுத்த வேண்டும். குறைந்த நகர்வுச் சோதனைகள் அனைத்தையும் புதிய கருவியில் முதலில் செய்துவிட்டு, மற்றவற்றைத் தேய்ந்த கருவியில் செய்தால், தேய்மானத்தின் குற்றம் நகர்வின் மீது விழும். இரண்டாவது, காரணிகள் ஒன்றையொன்று வலுவாகப் பாதித்தால் ஒன்பது சோதனைகளின் சராசரி தவறான வழிகாட்டக்கூடும். ஆகவே, சிறந்ததெனக் கணக்கு கூறும் அமைப்பில் மீண்டும் கடைந்து உறுதிசெய்த பின்னரே அதை ஏற்க வேண்டும்.

பட்டறையிலிருந்து மருத்துவமனைக்கு

மருத்துவமும் இதே நெறியில்தான் நடக்கிறது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்படுவதை 1948-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு குலுக்கல் முறையில்தான் நிறுவியது. காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டாலும் சானடோரியத்தில் தங்கியோருக்கு இணையாகக் குணமடைகிறார்கள் என்பதை, சென்னையில் நடந்து 1959-இல் வெளியான ஆய்வும் அவ்வாறே காட்டியது. யார் வீட்டில், யார் மருத்துவமனையில் என்பதைக் குலுக்கல் முடிவுசெய்ததால்தான் அம்முடிவை உலகம் ஏற்றது.

மக்னீசியத் திருகாணிக்கும் இத்தேர்வு நடந்தது. ஜெர்மனியின் ஹன்னோவர் நகரில், கால் பெருவிரல் கோணலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 26 பேரிடம் மக்னீசியத் திருகாணியும் டைட்டானியத் திருகாணியும் குலுக்கல் முறையில் ஒப்பிடப்பட்டன. 2013-இல் வெளியான அந்த ஆய்வில் ஆறு மாத முடிவில் இரண்டும் இணையாகவே இருந்தன. இது நல்ல செய்தி. ஆயினும், இருபத்தாறு பேர் என்பது சிறிய எண்ணிக்கை. பெருவிரல் எலும்பு தாங்கும் சுமை வேறு, தொடையெலும்பு தாங்கும் சுமை வேறு. அதனால்தான், “அப்பாவின் தொடையெலும்புக்கும் அதையே வையுங்கள்” என்று கேட்கும் பிள்ளைகளிடம் நாங்கள் தயங்குகிறோம். பல மாதங்கள் உடல் எடையைத் தாங்க வேண்டிய இடத்துக்கு எஃகும் டைட்டானியமுமே இன்றும் நம்பத்தக்கவை.

நீங்கள் நினைவில் கொள்ள வேண்டியவை

ஒன்று: எஃகு அல்லது டைட்டானியப் பிளேட் உள்ள அனைவருக்கும் அதை அகற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. வளரும் குழந்தைகளுக்கும், வலியோ உறுத்தலோ தொற்றோ உள்ளவர்களுக்கும் அதுபற்றி மருத்துவர் தனியே முடிவுசெய்வார்.

இரண்டு: கரையும் திருகாணி வைக்கப்பட்டிருந்தால், முதல் சில மாத எக்ஸ்-ரேயில் அதைச் சுற்றி ஒரு கருநிழல் தெரியக்கூடும். அது பெரும்பாலும் கரைதலின் அடையாளமே. படத்தைப் பார்த்தவுடன் அஞ்ச வேண்டாம். ஆனால் காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு, கூடிவரும் வலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே வாருங்கள்.

மூன்று: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே தெரிவியுங்கள். மிகுதி மக்னீசியத்தை வெளியேற்றும் பணி சிறுநீரகத்துடையது.

நான்கு: டிஸ்சார்ஜ் சீட்டில் உள்ளே வைக்கப்பட்ட பொருளின் பெயரும் அளவும் எழுதப்பட்டிருக்கும். அதனைப் பத்திரப்படுத்தி, பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதும் வேறு அறுவை சிகிச்சையின்போதும் காட்டுங்கள்.

ஐந்து: “பக்கத்து வீட்டுக்காரருக்கு அதுதான் வைத்தார்கள், நன்றாக இருக்கிறார்” என்பது ஒரே ஒரு சோதனையின் முடிவு. அவருடைய எலும்பு, வயது, முறிவின் தன்மை ஆகிய அனைத்தும் வேறு. புதிய பொருள் எதுவாயினும், “இது எத்தனை பேரிடம், எந்த எலும்பில், எதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது?” என்று எங்களிடம் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை கூறுவது எங்கள் கடமை. விடையைக் கேட்ட பின் முடிவெடுப்பது உங்கள் உரிமை.