ஏற்காட்டில் ஹம்மிங் பறவையா?

ஏற்காடு போய்வந்த பிள்ளைகள் ஆவலாகக் கேட்பார்கள்: “காப்பித் தோட்டத்தில் ஒரு குட்டிப் பறவை, வளைந்த அலகால் தேன் குடித்தது. அது ஹம்மிங் பறவைதானே?”

சபாஷ்! உற்றுப் பார்க்கிறவர்களுக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும். ஆனால் ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. நீங்கள் பார்த்தது நம் தேன்சிட்டு.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பிச் செடிகளுக்கு நிழல் தர சில்வர் ஓக் மரங்கள் நிற்கும். கோடையில் அவை ஆரஞ்சு நிறத்தில் பூக்கும். அங்கே போய்த் தேன்சிட்டின் காலைக் கவனியுங்கள். காம்பைக் கெட்டியாகப் பிடித்திருக்கும். தலைகீழாகத் தொங்கியும் குடிக்கும். உட்கார இடமே இல்லையென்றால்தான் படபடவெனச் சிறகடித்து, கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்கும். நீளமான பூ என்றால் சிலசமயம் அடியில் ஓட்டை போட்டுத் தேனைத் திருடிவிடும். அப்போது மகரந்தத்தைத் தொடுவதே இல்லை. பொல்லாத பயல்!

ஹம்மிங் பறவை அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும். எப்படி? வலது கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். உள்ளங்கை கீழே பார்க்கட்டும். முன்னால் வீசுங்கள். இப்போது உள்ளங்கையை மேலே திருப்பி, பின்னால் இழுங்கள். நிறுத்தாமல் செய்யுங்கள். விரல்நுனி படுத்திருக்கும் 8 போடுகிறதா? அதன் சிறகும் அப்படித்தான். கிணற்றில் கையால் துழாவி ஒரே இடத்தில் மிதப்போமே, அதே வித்தை!

புரிகிறதா? சரி, மேலே போவோம். நீங்கள் கையை முன்னால் வீசியது கீழ்வீச்சு, பின்னால் இழுத்தது மேல்வீச்சு. பெரும்பாலான பறவைகளை அந்தரத்தில் தாங்குவது சிறகின் கீழ்வீச்சுதான். ஹம்மிங் பறவைக்கு மேல்வீச்சும் உதவுகிறது. 2005-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஆலிவ் எண்ணெயின் நுண்துளிகள் மிதக்கும் காற்றில் அதைப் பறக்கவிட்டு, லேசர் ஒளியில் காற்றின் சுழிப்பைப் படம் பிடித்தார்கள். தாங்கும் விசையில் முக்கால் பங்கு கீழ்வீச்சில், கால் பங்கு மேல்வீச்சில் கிடைத்தது. நொடிக்குச் சுமார் 50 தடவை சிறகடிக்கும் இனங்கள் உண்டு. பின்பக்கமாகவும் பறக்கும். இத்தனைக்கும் சக்தி வேண்டாமா? அதனால்தான் பகலெல்லாம் ஓயாத பசி. குளிர் இரவுகளில் உடல் சூட்டைக் குறைத்து, மரத்துப்போனதுபோல் கிடந்து சக்தியை மிச்சம் பிடிக்கும்.

“நான் பார்த்தது உட்காரவே இல்லையே!” என்கிறீர்களா? அப்படியானால் அதன் தலையில் இரண்டு உணர்கொம்புகள் இருந்தனவா? குடித்து முடித்ததும் ‘அலகை’ச் சுருட்டிக்கொண்டதா? ஆமாம் என்றால் அது பறவையே இல்லை. பகலில் பூத்தேடி வரும் ஒருவகை அந்துப்பூச்சி!