சத்திரசிகிச்சைக்கு முன் வீட்டில் ஆக வேண்டியவை

வன்னிப் பெருநிலப்பரப்பில் நாரி நோவை எவரும் பெரிதுபடுத்துவதில்லை. வயல் வேலையும், கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும், 2009 வரை நீடித்த இடப்பெயர்வுகளில் பிள்ளையையும் மூட்டையையும் சுமந்து நடந்ததும், உடலில் தங்கிவிட்ட எறிகணைச் சிதறல்களும் பலரது முதுகைப் பதம் பார்த்துள்ளன. எண்ணெய் தேய்த்தும் மாத்திரை விழுங்கியும் காலங்கடத்திய ஒரு தாயிடம், முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை செய்தேயாக வேண்டும் என வைத்திய நிபுணர் கூறும்போது, அவர் மனதில் முதலில் எழுவது 'பிள்ளையை யார் பார்ப்பது?' என்ற கேள்வியே. கிளினிக் நெரிசலில் அக்கேள்விக்கு இடம் கிடைப்பது அரிது.

முள்ளந்தண்டு எலும்புகளைத் திருகாணிகளால் பிணைக்கும் சத்திரசிகிச்சையின் பின் அவை ஒன்றுடனொன்று பொருந்த மாதக்கணக்காகும். முதல் ஆறு வாரங்களேனும் குனிதல், இடுப்பைத் திருப்புதல், பாரம் தூக்குதல் ஆகாது என்றே பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது. தூக்கக்கூடியது பெரும்பாலும் 5 கிலோவுக்கு உட்பட்டதே. ஒரு வயதுப் பிள்ளையின் நிறையோ ஏறத்தாழ 9 கிலோ. வீடு திரும்பும் தாய், ஓடிவரும் தன் பிள்ளையைத் தூக்க முடியாது.

ஆகவே பிள்ளையையும் ஆயத்தப்படுத்த வேண்டும். தாய் கதிரையில் அமர்ந்திருக்கப் பிள்ளை தானாக ஏறி அருகில் அமரவும், அம்மம்மாவோ சித்தியோ குளிப்பாட்டி உறங்க வைக்கவும் சில வாரங்கள் முன்னரே பழக்க வேண்டும். கடைக்குப் போய் வருவதாகப் பொய் சொல்லிப் புறப்படுவது நம்மவர் வழக்கம். அது கூடாது. நாட்கணக்கில் தாயைக் காணாத பிள்ளை, அவர் மீண்டதும் அவர் மீதே தொற்றிக்கொள்ளும்.

நிலத்திலுள்ள அடுப்பை இடுப்பளவுக்கு உயர்த்த வேண்டும். குந்தியிருக்கும் மலசலகூடத்துக்கு கொமட் கதிரை தேவை. தொழுகைக்கும் ஒரு கதிரையை ஒழுங்கு செய்துகொள்ளலாம். முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்காக மாங்குளத்தில் இயங்கும் 'உயிரிழை' அமைப்பினரிடம் வீட்டை மாற்றியமைப்பது பற்றிக் கேட்டறியலாம். நீரிழிவைக் கட்டுப்படுத்துவதும், புகைப்போர் அதனை நிறுத்துவதும், அஸ்பிரின் போன்ற மருந்துகள் எடுப்பதை முன்கூட்டியே வைத்தியரிடம் கூறுவதும் அவசியம். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ சிகிச்சை பெற்றுத் திரும்பும்போது கிரவல் வீதியில் முச்சக்கரவண்டிப் பயணம் எத்துணை வேதனையானது என்பதையும் எண்ணிப் பார்த்து, படுத்தவாறு வரக்கூடிய வாகனமொன்றைப் பேசி வைக்க வேண்டும்.

இவையெல்லாம் துணை உள்ளோருக்குச் சாத்தியம். கணவனைப் போரில் இழந்து தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண் என்ன செய்வாள்? நாளாந்தக் கூலியும் நின்றுபோகும் என்றஞ்சி அவள் திகதியைத் தள்ளிப்போடுகிறாள். மரண வீட்டுக்கு நாட்கணக்கில் சோறு கொடுத்தனுப்பும் பண்பு தமிழ்க் கிராமங்களிலும் முஸ்லிம் கிராமங்களிலும் உண்டு. உயிரோடிருக்கும் தாய்க்கு ஆறு வாரம் தண்ணீர் அள்ளிக் கொடுக்க மட்டும் ஏன் ஒழுங்கில்லை? மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் ஆலய, பள்ளிவாசல் நிர்வாகங்களும் முறைவைத்துச் செய்யக்கூடிய பணியே இது. அத்தகைய வீடு எது என்பதைக் குடும்பநல உத்தியோகத்தர் அறிவார்.

ஆயத்தங்களுக்குக் காத்திராத நிலையும் ஒன்றுண்டு. நாரி நோவுடன் சிறுநீர் கழிக்க முடியாமற் போனாலோ, அறியாமல் மலசலம் வெளியேறினாலோ, கால்கள் திடீரெனச் சோர்ந்தாலோ, தொடைகளுக்கிடையே உணர்வு மரத்துப்போனாலோ அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். பிள்ளையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டேனும் புறப்பட வேண்டும்.