மலை ஒன்று, மாநிலம் இரண்டு

கொடைக்கானல் நாயுடுபுரத்திலிருந்து மூணாறு போக வேண்டுமானால் வத்தலக்குண்டுக்கு மலையிறங்கி, தேனி, போடி கடந்து, போடிமெட்டில் மறுபடி ஏற வேண்டும். பேரிஜம், டாப் ஸ்டேஷன் வழியாக மலைமேலேயே சென்ற பழைய சாலை 1990 வாக்கில் மூடப்பட்டுவிட்டது. கொடைக்கானல் மேல்மலையின் கடைசி ஊர் கிளாவரை. அதற்கு அடுத்துள்ள வட்டவடையிலும் கோவிலூரிலும் பேச்சு தமிழ்தான், விளைவதும் பூண்டுதான். ஆனால் அது கேரளம்.

1955இல் அறிக்கை தந்த மாநில மறுசீரமைப்பு ஆணையம் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களைச் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. மூணாறும் வட்டவடையும் அடங்கிய தேவிகுளமும், பீர்மேடும் தமிழர் மிகுந்தவையாக இருந்தும் கேரளத்துக்குப் போயின. திருவிதாங்கூர்த் தமிழர்களின் தலைவர் நேசமணியின் தலைமையில் அவற்றுக்காகவும் போராட்டம் நடந்திருந்தது. தோட்ட வேலைக்கு வந்தவர்கள், நிலையான குடிகள் அல்லர் என்ற வாதமே அங்கே தமிழருக்கு எதிராக நின்றது. தலைமுறைகளாகத் தேயிலை பறித்தவர்களை வந்து போகிறவர்கள் என்றது பெரும் அநீதி.

எல்லைக் கோடு சச்சரவை வளர்ப்பது வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. எத்தியோப்பியாவில் 1995ஆம் ஆண்டு அரசியலமைப்பு இனவாரியாக மாநிலங்களை அமைத்தது. அவாஷ் ஆற்றுப் படுகையில் ஒரோமோ, அஃபார் மேய்ச்சல் மக்களிடையே புல்லுக்கும் தண்ணீருக்கும் முன்பே சச்சரவு உண்டு. மாநில எல்லை வந்தபின் அது இரு இனங்களின் நிலத் தகராறாகவும் ஆனது. நமக்கும் அந்த அனுபவம் இருக்கிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை முற்றியபோது, அடி வாங்கியவர்கள் அணையோடு தொடர்பே இல்லாத இடுக்கியின் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். பலர் அஞ்சித் தேனிப் பக்கம் இறங்கி வந்தார்கள்.

ஆனாலும் அந்த மக்கள் ஒடுங்கிவிடவில்லை. 2015இல் மூணாறின் தமிழ்ப் பெண்கள் ‘பெண்கள் ஒற்றுமை’ என்று திரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு போனஸுக்காகப் போராடி வென்றார்கள். 2021இல் தேவிகுளம் உறுப்பினர் கேரளச் சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி ஏற்றார். எல்லையை மாற்றுவதைவிட இப்படி உரிமையை நிலைநாட்டுவதே அவர்களைக் காக்கும் என்பது என் உறுதியான கருத்து.

பழைய சாலை இன்று பாம்பாடும் சோலைக் காட்டுக்குள் இருக்கிறது. அதைத் திறக்கச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் இரு மாநிலங்களும் கூடிப் பேச வேறு வழி உண்டு. 1956ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்புச் சட்டமே மண்டலக் குழுக்களை அமைத்து, எல்லைத் தகராறு, மொழிச் சிறுபான்மையினர், மாநிலங்களுக்கு இடையிலான போக்குவரத்து ஆகியவற்றை அவற்றின் பொறுப்பில் வைத்தது. அதே ஆண்டு இந்திய அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு, தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. தென் மண்டலக் குழு கூடும்போது வட்டவடை, மூணாறுப் பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிகளை இரு முதல்வர்களும் முதல் பொருளாக எடுத்துப் பேச வேண்டும்.