தோட்டத்து ஆங்கிலம் – 9: பெயருக்குப் பின்னால் வரும் வால்

'ஆர்தர் பெனிசன் ஹப்பக் வடிவமைத்த, 1917இல் கட்டி முடிக்கப்பட்ட ஈப்போ ரயில் நிலையம்' என்று எழுத நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். யார், எப்போது என்ற சேதியெல்லாம் முன்னே போய்விடும். நிலையம் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் நிலையம்தான் முதலில் வரவேண்டும். மற்றவை அதன் பின்னால் வாலாக நீளும்: 'எ ஸ்டேஷன் டிசைன்ட் பை ஹப்பக் அண்ட் கம்ப்ளீட்டட் இன் 1917'. சென்ற வாரம் பார்த்த 'ஹூ', 'விச்' இரண்டும் இதில் இல்லை. அவற்றைக் கழற்றிவிட்டு எழுதும் முறையே இந்த வாரப் பாடம்.

முதலில் நம் இலக்கணம். 'வடிவமைத்த' போன்ற பெயரெச்சம் எந்தெந்தப் பெயரைக் கொண்டு முடியும் என்று பவணந்தி முனிவரின் நன்னூல் ஆறு வகை சொல்கிறது. பால்மரக் (ரப்பர்) காட்டில் வைத்தே பார்க்கலாம்; அங்கே வெட்டுவது என்றால் பால் எடுக்கக் கீறுவது. வெட்டிய பெண் (செய்பவர்), வெட்டிய கத்தி (கருவி), வெட்டிய தோட்டம் (இடம்), வெட்டிய வேலை (செயல்), வெட்டிய காலை (காலம்), வெட்டிய மரம் (செய்பொருள்). 'வெட்டிய' என்ற ஒரே வடிவம் ஆறுக்கும் போதும். பெண் வெட்டினாளா, வெட்டுப்பட்டாளா என்று நமக்குக் குழப்பமே வருவதில்லை.

ஆங்கில வால் இவ்வளவுக்குத் தாங்காது. செய்கிறவருக்கு 'இங்', செய்யப்பட்டதற்கு 'எட்' (சில வினைகளில் 'பெய்ட்' போல அதற்கு ஈடான வடிவம்), அவ்வளவுதான். மரம் என்றால் 'எ ட்ரீ டேப்ட் பை மை மதர்'. வெட்டிக்கொண்டிருக்கும் பெண் என்றால் 'எ வுமன் டேப்பிங் எ ட்ரீ'. வெட்டி முடித்துவிட்ட பெண்ணுக்கு 'ஹூ' வேண்டும். 'எ வுமன் டேப்ட் எ ட்ரீ' என்று எழுதினால் 'ஒரு பெண் மரம் வெட்டினாள்' என்று வாக்கியமே முடிந்துவிடும். கத்திக்கு 'வித் விச்', தோட்டத்துக்கு 'வேர்', காலைக்கு 'வென்' என்று தனித்தனிச் சொல் தேட வேண்டும். கட்டுரைத் தாள்களில் சிவப்புக் கோடு விழும் இடங்களில் இதுவும் ஒன்று.

இனி, எப்படி, எப்போது என்று சொல்லும் வினையடைகளை எங்கே வைப்பது? வினையடையும் வினையும் மட்டும் இருந்தால் இரண்டும் பெயருக்கு முன்னே நிற்கலாம்: 'நியூலி பிளான்ட்டட் ட்ரீஸ்'. எங்கே, யாரால் என்று ஒரு சொல் கூடினாலும் மொத்தமும் பின்னால் போகும்: 'ட்ரீஸ் நியூலி பிளான்ட்டட் ஆன் த ஸ்லோப்'. 'புதிதாகச் சரிவில் நட்ட மரங்கள்' என்ற நம் வரிசையில் அடுக்கினால் ஆங்கிலம் ஏற்காது. 'லி'யில் முடியும் வினையடை பெரும்பாலும் வினைக்கு முன் வரும். நேற்று, இங்கே போன்றவை வினைக்குப் பின்தான்: 'லேட்டெக்ஸ் கலெக்டட் யெஸ்டர்டே'.

மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நம் பிள்ளைகளிடம் இதற்கு ஒரு குறுக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. அது மலாய். 'லாடாங் யாங் தெலா லாமா டித்திங்கால்கான்' என்பதில் தோட்டம் முதலில், 'நெடுநாள்' நடுவில், 'கைவிடப்பட்ட' கடைசியில். ஆங்கிலமும் அதே வரிசைதான்: 'அன் எஸ்டேட் லாங் அபாண்டன்ட்'. 'யாங்', 'தெலா' இரண்டும் போய்விட்டன, வரிசை மாறவில்லை. 'டி' என்று தொடங்கும் மலாய் வினைக்கு 'எட்' போடுங்கள். 'மெ' என்று தொடங்கினால் 'இங்': 'பெக்கெர்ஜா யாங் மெனோரே கெத்தா' என்பது 'வொர்க்கர்ஸ் டேப்பிங் ரப்பர்'. இந்த 'மெ' வினை நடந்து முடிந்த செயலானால் மட்டும் 'ஹூ'வுக்குத் திரும்பிவிடுங்கள். சென்னையிலோ மதுரையிலோ படிக்கும் பிள்ளைக்கு இந்த வசதி கிடையாது.

இரண்டு பள்ளங்கள் உண்டு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்து அறிவிப்புப் பலகையில் 'வொர்க்கர்ஸ் கமிங் லேட் ஆஃபன் லூஸ் தெயர் பே' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அடிக்கடி தாமதமாக வருகிறவர்களா, தாமதமாக வருகிறவர்கள் அடிக்கடி சம்பளம் இழக்கிறார்களா? 'ஆஃபன்' நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கிறது. அதை 'பே'க்குப் பின்னால் தள்ளினால் சம்பளத்தோடு சேரும், 'கமிங்'குக்கு முன்னால் வைத்தால் வருகையோடு சேரும்.

அடுத்தது: 'த டேப்பர்ஸ் பெய்ட் வீக்லி லெஃப்ட் எர்லி'. தொழிலாளர்கள் யாருக்கோ வாரந்தோறும் பணம் கட்டினார்கள் என்றே முதலில் தோன்றும். 'லெஃப்ட்' வந்த பிறகுதான் 'வாரச் சம்பளம் வாங்கியவர்கள்' என்று புரியும். இப்படித் தடுக்கினால் 'ஹூ வேர்' சேர்த்துவிடுங்கள். சுருக்கத்தைவிடத் தெளிவு முக்கியம்.

இந்த வாரப் பயிற்சி. இவற்றை ஆங்கிலத்தில் எழுதுங்கள்:

1. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட தோட்டத் துரைமார் மூவர்.

2. 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்.

3. அண்மையில் முழுவதுமாகச் செம்பனைக்கு மாற்றப்பட்ட தோட்டம்.

4. அம்மா பால் எடைபோட்ட கொட்டகை.

நான்கில் ஒன்றுக்கு 'எட்' உதவாது. எது என்று தெரியவில்லையென்றால் நன்னூலின் ஆறு வகையை மறுபடி பாருங்கள். மற்ற மூன்றையும் முதலில் மலாயில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். விடைகள் அடுத்த வாரம்.