தில்லை வனத்துப் பூஞ்சைகள்

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயரை வழங்கியது ஒரு மரம். கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கவல்ல பாலையுடைய அம்மரம், இன்று ஊருக்குக் கிழக்கே பிச்சாவரத்தில் வளர்கிறது. கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஏறத்தாழ 1100 எக்டேர் பரப்பில் அமைந்துள்ள அலையாத்திக் காடே பிச்சாவரம். அதன் மரங்களை ஆராய்ந்தோர், இலைகளுக்குள்ளே மரத்திற்குத் தீங்கின்றி வாழும் நுண்பூஞ்சைகளைக் கண்டனர். இவை அகவாழ் பூஞ்சைகள் எனப்படும்.

பூஞ்சைகள் பிற உயிர்களோடு போட்டியிட்டு வாழ்வதற்குப் பல வேதிச்சேர்மங்களை உருவாக்குகின்றன. 1928ஆம் ஆண்டு அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பெனிசிலின் அவற்றுள் ஒன்று. கொழுப்புத் தன்மையுடைய சேர்மங்களும் அவற்றுள் உண்டு. அவை புற்றுநோய் ஆய்வில் இடம்பெறக் காரணம் என்ன?

ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமெனில் புதிய செல்சவ்வு தேவை. சவ்வுக்குக் கொழுப்பு தேவை. இயல்பான செல்களுள் பெரும்பாலானவை உணவிலிருந்து கிடைக்கும் கொழுப்பைப் பயன்படுத்துகின்றன. கட்டுப்பாடின்றிப் பெருகும் புற்றுசெல்கள் பலவோ, ஒரு நொதியின் துணையால் கொழுப்பு அமிலங்களைத் தாமே மிகுதியாக உற்பத்தி செய்துகொள்கின்றன. பூஞ்சையிலிருந்து பெறப்பட்ட செருலெனின் என்னும் கொழுப்புசார் சேர்மம் அந்நொதியைத் தடுக்கிறது. ஆய்வகக் கிண்ணத்தில் வளர்க்கப்பட்ட புற்றுசெல்கள் அதனால் வளர்ச்சி குன்றி மடிந்தன.

இவ்விளைவை அளக்க எளிய முறையொன்று உண்டு. மஞ்சள்நிறச் சாயமொன்றைச் செல்களோடு சேர்த்தால், உயிருள்ளவை மட்டும் அதனை ஊதா நிறமாக மாற்றும். நிறத்தின் அடர்வு குறைந்தால் உயிருள்ள செல்கள் குறைந்தன என்பது பொருள்.

எனினும், கிண்ணம் வேறு, உடல் வேறு. செருலெனினை எலிகளுக்குச் செலுத்தியபோது அவை உணவை வெறுத்து எடை குறைந்தன. நோயுற்ற செல்லைத் தடுப்பது மட்டும் மருந்தாகாது. நலமான உடலைக் காப்பதும் மருந்தின் கடமை. விலங்குகளிடத்தும் பின்னர் மனிதரிடத்தும் படிப்படியாகச் சோதித்துத் தேறிய பின்னரே ஒரு சேர்மம் மருந்தாகிறது. ஆகவே, கிண்ணத்தில் கிடைத்த வெற்றியை நம்பி, 'காளான் உண்டால் புற்றுநோய் தீரும்' எனக் கருதி மருத்துவத்தைக் கைவிடுதல் உயிருக்கே கேடாகும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் கழிமுகத்தருகே இயங்குகிறது. ஆய்வகமும் காடும் இங்கு அண்டை வீடுகள். காட்டில் ஒரு மரம் அழிந்தால், அதன் இலைக்குள் வாழும், இன்னும் எவரும் ஆராயாத பூஞ்சையும் உடன் அழியக்கூடும். அலையாத்திக் காட்டைக் காப்பது, நாளைய மருந்துக்கான வாயிலைத் திறந்து வைப்பதாகும்.