கைபேசிப் பாடம்: பிள்ளைக்கு ஊக்கம் வருவது எப்படி?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஒரு திருவண்ணாமலை இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்குப் பேர்போன திருவண்ணாமலை வேறு, இது வேறு. இங்கே குன்றின் மேல் ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயில் கொண்டிருக்கிறார். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும்.

படி ஏறுகிறவர்களுக்கு ஒன்று தெரியும். தனியாக ஏறினால் கால் சீக்கிரம் வலிக்கும். பேச்சுத் துணை இருந்தால் களைப்பே தெரியாது.

கைபேசியில் பாடம் படிப்பதும் இப்படித்தான்!

பள்ளி பூட்டிய காலம்

2020 மார்ச்சில் கொரோனா நோய் பள்ளிக்கூடங்களை மூடவைத்தது. தமிழ்நாட்டில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் மீண்டும் பள்ளிக்குப் போனது 2021 நவம்பர் 1-ந்தேதிதான். ஒன்றரை ஆண்டுக்கு மேல் வீட்டிலேயே படிப்பு!

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, வகுப்பு வாரியாகப் பாடம் ஒளிபரப்பியது. பல பள்ளிகள் கைபேசி வழியாகப் பாடம் நடத்தின.

ஆனால் நடந்தது என்ன? பல வீடுகளில் ஒரே கைபேசி. அதுவும் வேலைக்குப் போகும் அப்பாவின் சட்டைப்பையில்! கைபேசி இருந்த வீட்டிலும் பாடம் ஒரு பக்கம் ஓடியது. பிள்ளையின் மனம் வேறு பக்கம் ஓடியது.

இது சோம்பலா? இல்லை. வகுப்பில் ஆசிரியர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார். புரியவில்லை என்று தெரிந்தால் திரும்பச் சொல்கிறார். திரைக்கு வாய் உண்டு, கண் இல்லை!

பெரியவர்களும் தப்பவில்லை

2011-ல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பாடம் ஒன்றை இணையத்தில் இலவசமாக நடத்தினார்கள். உலகம் முழுவதும் இருந்து சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்களோ சுமார் 23,000 பேர்தான். தாமே விரும்பிச் சேர்ந்தவர்களிலேயே ஏழு பேரில் ஒருவர்தான் கரையேறினார். சிறு பிள்ளைகளைக் குறை சொல்லலாமா?

மெக்சிகோ நாட்டின் வழி

மெக்சிகோவில் 1968-ல் கிராமப் பிள்ளைகளுக்காகத் தொலைக்காட்சிப் பள்ளி தொடங்கினார்கள். அங்கே பெட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போகவில்லை. வகுப்பில் ஓர் ஆசிரியரையும் வைத்தார்கள். 15 நிமிடம் தொலைக்காட்சிப் பாடம். பிறகு ஆசிரியருடன் கேள்வி, பதில், பயிற்சி. அந்தப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன.

தெருவுக்கு வந்த வகுப்பு

தமிழ்நாடும் இதே உண்மையைக் கண்டுகொண்டது. 2021 அக்டோபர் 27-ந்தேதி, விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார்.

பிள்ளைகள் குடியிருக்கும் பகுதியிலேயே தன்னார்வலர்கள் மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். ஆட்டம், பாட்டு, கதை எல்லாம் உண்டு. "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்க ஓர் ஆள் கிடைத்தது.

பலன் இருந்ததா? தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளை ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதங்களில், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அப்படித் திரும்பியதில் ஏறக்குறைய கால் பங்கு, இந்த மாலை வகுப்புகளால் கிடைத்த பலன்!

வீட்டில் என்ன செய்யலாம்?

இன்று பள்ளிகள் திறந்திருக்கின்றன. ஆனாலும் கைபேசிப் பாடம் போய்விடவில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் அதைத்தான் நாடுகிறார்கள். ஆகவே பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

தினமும் ஒரே நேரம், ஒரே இடம் இருக்கட்டும். படுத்துக்கொண்டு பாடம் கேட்டால் தூக்கம்தான் வரும்.

மலையளவு பாடத்தைக் காட்டி மிரட்டவேண்டாம். "இன்றைக்கு இந்த ஒரு கணக்கு" என்று சிறிதாகப் பிரித்துக் கொடுங்கள். ஒன்றை முடித்த மகிழ்ச்சியே அடுத்ததைத் தொடச் செய்யும்.

கேட்டதைக் கையால் எழுதச் சொல்லுங்கள். கை சும்மா இருந்தால் விரல் விளையாட்டுப் பக்கம் போய்விடும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரைச் சேர்த்து உட்காரவையுங்கள். ஒருவருக்குப் புரியாததை மற்றவர் சொல்வார்.

"நான் படிக்காதவள். நான் என்ன சொல்லிக்கொடுப்பது?" என்று தாய்மார்கள் கேட்கலாம். நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். "இன்று என்ன படித்தாய்? அம்மாவுக்குச் சொல்லு, பார்க்கலாம்" என்று கேட்டால் போதும். அம்மாவுக்கு விளங்கும்படி சொல்வதற்காகவே பிள்ளை பாடத்தைக் கவனமாகக் கேட்கும். தடுமாறினால் திட்டாதீர்கள். "நாளைக்குக் கேட்டுவந்து சொல்லு" என்று தட்டிக்கொடுங்கள்.

அதற்கு ஐந்து நிமிடம் போதும். கைபேசியைக் கடையில் வாங்கலாம். இந்த ஐந்து நிமிடத்தைப் பெற்றவர்கள்தான் கொடுக்கவேண்டும்!